துரைமார் துப்பாக்கி: மெய்யும் போலியும்

மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று அன்றைய வேலையை ஏற்றுக்கொள்ளும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். பெரட்டு என்பது ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மருவிய வடிவம். படைவீரர் அணிவகுத்து நிற்பதைக் குறிக்கும் அச்சொல் கொழுந்து பறிப்போரின் அன்றாடப் பேச்சில் வந்து கலந்தது தற்செயலன்று. தோட்டத்து ஆட்சி பாதி இராணுவ ஆட்சியாகவே ஒரு காலத்தில் நடைபெற்றது. பெரட்டுக்கு எதிரே நின்ற துரைமாரிற் பலர் மெய்யாகவே படைவீரராகவும் விளங்கினர். அவர்களுடைய பங்களாச் சுவர்களில் மான் கொம்புகளுக்கு நடுவே துப்பாக்கிகள் தொங்கின. அத்துப்பாக்கிகளின் வரலாற்றையும், இன்று அவற்றின் பெயரால் காட்டப்படுவனவற்றில் மெய் எது, போலி எது என்று அறியும் வகையையும் ஆராய்வது பயனுடையதாகும்.

1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இலங்கைத் தோட்டத் துரைமார் ஒன்றுகூடித் தொண்டர் படையொன்றை அமைத்தனர். இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை என்பது அதன் பெயர். கண்டி நகரம் அதன் தலைமையிடமாயிற்று. ஐரோப்பியர் மட்டுமே அதில் இடம்பெற்றனர். பெரும்பாலோர் தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் துரைமாரும் சின்னத்துரைமாருமே. 1914 ஒக்டோபரில், முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள், இப்படையிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் கப்பலேறி எகிப்துக்குச் சென்றனர். சூயஸ் கால்வாயின் காவலில் ஈடுபட்ட பின்னர், 1915இல் கலிப்போலிப் போர்முனையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்ந்து நின்றனர். அப்படைகளின் தளபதியான ஜெனரல் பேர்ட்வூட்டுக்கு மெய்காவலராகவும் இவர்களிற் சிலர் பணியாற்றினர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலங்கை சுதந்திரம் பெற்றுத் தனக்கெனத் தரைப்படையை அமைத்துக்கொண்டபோது, 1949ஆம் ஆண்டில் தோட்டக்காரர் படை கலைக்கப்பட்டது.

படை கலைந்தது, ஆயினும் அதைப் பற்றிய கதைகள் கலையவில்லை. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களைச் சூழவுள்ள பழைய பங்களாக்களிலும் கழகங்களிலும், “இது கலிப்போலிக்குப் போய்வந்த துப்பாக்கி”, “இது போயர் போரிற் பயன்பட்டது” என்று ஒரு பொருளைக் காட்டினால் கேட்போர் நம்புவதற்கு ஆயத்தமாக இருக்கின்றனர். பழைய இராணுவத் துப்பாக்கிகளைத் திரட்டும் வழக்கம் மேலைநாடுகளில் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பேரரசின் மறுகோடிகளிலிருந்து வந்த பொருளுக்கு அங்கே தனி மதிப்பு. இந்நிலையில் மெய்ப்பொருளோடு போலியும் கலந்து வருதல் இயல்பே. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது இங்கும் பொருந்தும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுதல் நன்று. இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் கட்டுப்படுத்துகின்றன. அனுமதிப்பத்திரமின்றி ஒருவர் துப்பாக்கி வைத்திருத்தல் தண்டனைக்குரிய குற்றம். துருவேறிய பழைய பொருளென்றும், பாட்டனார் காலத்துச் சொத்தென்றும் சாட்டுச் சொல்லித் தப்பிவிட இயலாது. பழைய களஞ்சியத்திலோ கூரையின் பரணிலோ துப்பாக்கியொன்று அகப்பட்டால், அதைத் தொட்டுத் திறந்து பார்க்காமல் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. அதனுள்ளே குண்டு தங்கியிருக்கலாம். பல்லாண்டு கிடந்த வெடிமருந்தை நம்புவதற்கில்லை. ஆகையால் நம் நாட்டில் இவ்வறிவு சந்தையில் வாங்குவோருக்கு உரியதன்று. அருங்காட்சியகம் அமைப்போருக்கும், தேவாலயம், பாடசாலை, கழகம் ஆகியவற்றின் பழம்பொருளைப் பேணுவோருக்கும், வரலாறு எழுதுவோருக்குமே அது பெரிதும் பயன்படும்.

இராணுவத்தின் உபரித் துப்பாக்கி என்பது யாது? அரசொன்று தன் படைக்கெனச் செய்வித்து, பயன்படுத்தி, பின்னர் புதிய வகை வந்ததும் தேவைக்கு மிஞ்சியதென்று கழித்துவிட்ட ஆயுதமே அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியா முதலிய நாடுகள் இலட்சக்கணக்கான துப்பாக்கிகளை இவ்வாறு விற்றன. 1950களிலும் 1960களிலும் அமெரிக்கக் கடைகளில் இவை மலிந்து கிடந்தன. மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு எவரும் போலி செய்வதில்லை. காலப்போக்கில் சில வகைகள் அருகின. அருகியவற்றின் விலை உயர்ந்தது. விலை உயர்ந்த இடத்திற் போலி புகுந்தது. எனவே, ஒரு பொருள் எவ்வளவுக்கு அரியதென்று சொல்லப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதை ஐயுற்று நோக்குதல் வேண்டும்.

போலிகளை மூவகையாகப் பகுக்கலாம். அடிமுதல் நுனிவரை பொய்யாகச் செய்யப்பட்டது ஒன்று. மெய்யான சாதாரணத் துப்பாக்கியை அரிய வகைபோல மாற்றியது மற்றொன்று. துப்பாக்கியும் மெய், அதன் உறுப்புகளும் மெய். அதைச் சுற்றிக் கட்டிய கதை மட்டும் பொய் என்பது மூன்றாவது. முதலிரண்டையும் கண்ணாலும் கைவிளக்காலும் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதே கடினம்; மலையகத்துக்கு நெருங்கியதும் அதுவே.

முதல் வகைக்குப் பேர்போன இடம் பாகிஸ்தானின் வடமேற்கெல்லையில் உள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊர். பெஷாவர் நகருக்கும் கோகாட் நகருக்கும் இடையே அது அமைந்துள்ளது. அவ்வூர்க் கொல்லர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கைக்கருவிகளைக் கொண்டே பிரித்தானியத் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்து வந்துள்ளனர். அவர்களுடைய கைத்திறனைக் குறைகூற இயலாது. ஆயினும் ஆங்கில எழுத்தை அறியாதவர், அதைப் படமாகக் கண்டு வெட்டும்போது தவறு நேர்கிறது. ‘என்பீல்ட்’ என்னும் சொல்லில் ‘என்’ என்னும் எழுத்து இடவலம் மாறி நிற்கும். அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி தலைகீழாய்க் கிடக்கும். முடியின் உருவம் குடத்தைப்போலத் தோன்றும்.

எழுத்துப் பிழையைவிடக் காலப் பிழை இன்னும் தெளிவான சான்று. பிரித்தானியத் துப்பாக்கிகளில், கைப்பிடிக்கு முன்னுள்ள உலோக வளையத்தின் வலப்புறத்தில் முடியுருவமும், அதன்கீழ் அரசரின் பெயர்க்குறியும், செய்த இடமும், ஆண்டும், வகையும் முறையே பொறிக்கப்பட்டிருக்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் ‘வி. ஆர்.’ என்பது குறி. அவர் 1901 ஜனவரி 22ஆம் நாள் காலமானார். பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னருக்கு ‘ஈ. ஆர்.’ என்றும், 1910 முதல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு ‘ஜி. ஆர்.’ என்றும் மாறிற்று. ஆகவே ‘வி. ஆர்.’ என்ற குறியோடு 1905 என்றோ 1910 என்றோ ஆண்டு காணப்படுமாயின், இறந்த அரசியின் பெயரால் துப்பாக்கி செய்யப்பட்டதென்று கொள்ள வேண்டும்! அது என்பீல்ட் தொழிற்சாலையில் நடந்ததன்று. கொல்லன் உலைக்களத்தில் நடந்ததே. 2001க்குப் பின்னர் ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற மேலைநாட்டுப் படைவீரர் நினைவுப் பொருளென்று வாங்கிச் சென்ற பழைய துப்பாக்கிகளில் இத்தகைய பிழைகள் பலவாகக் காணப்பட்டன.

காலப் பிழையைக் கண்டுபிடிப்பதற்குத் துப்பாக்கிகளின் வமிசாவளியை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ஒருமுறைக்கு ஒரு குண்டு மட்டுமே இடக்கூடியது; கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் திறப்பது. 1888இல் லீ-மெற்போர்ட் வந்தது. குண்டுகளை அடுக்கி வைக்கும் பெட்டியும், பின்னிழுத்து முன்தள்ளும் தாழும் அதன் சிறப்பு. குழலின் உட்புறத்தில் ஆழமற்ற ஏழு வளைகோடுகள் ஓடின. கரும்புகை மருந்துக்கு ஏற்ற அக்கோடுகள், பின்னர் வந்த கோர்டைட் என்னும் புகையற்ற மருந்தின் வெம்மையால் விரைவில் தேய்ந்தன. எனவே 1895இல் ஆழமான ஐந்து கோடுகளைக் கொண்ட குழல் அமைக்கப்பட்டு, லீ-என்பீல்ட் எனப் பெயர் பெற்றது. அதன் குழல் ஏறத்தாழ 30 அங்குல நீளம். போயர் போரின் அனுபவத்துக்குப் பின்னர் அது 25 அங்குலமாகக் குறுக்கப்பட்டது. காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே துப்பாக்கி போதுமென்ற எண்ணமே அதற்குக் காரணம். அவ்வகையின் மூன்றாம் வடிவம் 1907இல் வெளிவந்தது. முதல் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசின் படைகள் மிகுதியாகச் சுமந்தது அதனையே. இங்கிலாந்தில் என்பீல்ட், பேர்மிங்காம், லண்டன் ஆகிய இடங்களிலும், வங்காளத்தில் ஈஷாப்பூரிலும், 1912இல் திறக்கப்பட்ட அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது. 1926இல் துப்பாக்கிகளின் பெயர்முறையே மாறி, அது ‘முதலாம் இலக்க ரைபிள்’ எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வந்தது நான்காம் இலக்கம். இச்சில ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவரை ஏமாற்றுதல் எளிதன்று. முதலாம் இலக்கம் என்ற பெயரைப் பொறித்த ஒன்றைக் காட்டி, அப்பொறிப்பும் அப்படியே கலிப்போலியிலிருந்து வந்ததென்று ஒருவர் கூறினால், 1926இற் பிறந்த பெயர் 1915இற் போருக்குப் போனது எவ்வாறு என்று வினவலாம்.

இரண்டாம் வகையாகிய மாற்றுருப் போலிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐந்தாம் இலக்க ரைபிள். ‘ஜங்கிள் கார்பைன்’, அதாவது காட்டுப் போர்த் துப்பாக்கி என்று மக்கள் அதை அழைத்தனர். இலங்கைக்கும் அக்காலத்துக்கும் தொடர்புண்டு. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றினார். பர்மியக் காடுகளிற் போரிடுவோருக்குக் குறுகியதும் இலேசானதுமான துப்பாக்கி தேவைப்பட்டது. அத்தேவைக்கென 1944 முதல் 1947 வரை பாசாக்கர்லியிலும் பேர்மிங்காமுக்கு அருகிலுள்ள ஷேர்லியிலும் ஐந்தாம் இலக்கம் செய்யப்பட்டது. குழலின் முனையில் கூம்பு வடிவான தீச்சுடர் மறைப்பு இருப்பது அதன் அடையாளம். போருக்குப் பின்னர் அமெரிக்க வணிகர் சிலர், சாதாரண நீளத் துப்பாக்கிகளின் குழலை வெட்டி, முனையில் கூம்பைப் பொருத்தி, அப்பெயரிலேயே விற்றனர். இந்தியாவில் 1960களில் ஈஷாப்பூரிற் செய்யப்பட்ட வேறு வகைத் துப்பாக்கிகளும் பிற்காலத்தில் இவ்வாறு உருமாற்றப்பட்டன.

மெய்யையும் போலியையும் வேறுபிரிப்பது எவ்வாறு? மெய்யான ஐந்தாம் இலக்கத்தில், எடையைக் குறைப்பதற்காகக் குழலின் அடிப்பகுதியிலும் உடற்பகுதியிலும் உலோகத்தைப் பள்ளமாகச் சீவி எடுத்திருப்பர். மரத்தைக் கழற்றினால் அப்பள்ளங்கள் தெரியும். வெளியே கூம்பைப் பொருத்துவது சில மணி நேர வேலை; உள்ளே இரும்பைச் சீவுவது தொழிற்சாலை வேலை. போலி செய்பவன் கண்ணுக்குத் தெரியும் இடத்திற் பாடுபடுவான். மறைவான இடத்தில் மெத்தனமாக இருப்பான். ஆகையால் மறைவான இடத்தைப் பார்ப்பதே ஆராய்ச்சியின் முதல் விதி.

தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்திய நான்காம் இலக்கக் குறிகாரர் துப்பாக்கியும் இவ்வாறே போலிக்கு இலக்காகியது. 1942 முதல் லண்டனிலுள்ள ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் என்னும் துப்பாக்கி நிறுவனம், தெரிந்தெடுத்த நல்ல துப்பாக்கிகளை இவ்வேலைக்கென மாற்றியமைத்தது. அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டதற்கு உடலின் இடப்புறத்தில் ‘டி’ என்ற குறியும், பிறிதோரிடத்தில் ‘டி. ஆர்.’ என்ற குறியும் உண்டு. தோளணையின் அடியில் ‘எஸ் 51’ என்ற குறி காணப்படும். கண்ணாடியும் துப்பாக்கியும் தனித்தனியே பிரிந்துபோகாவண்ணம் கண்ணாடியின் இலக்கத்தை மரத்தின் கழுத்திற் பொறித்தனர். கண்ணாடி ஓரிலக்கமும் கழுத்து வேறிலக்கமும் காட்டுமாயின், இரண்டும் பிற்காலத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டவையே. ஒவ்வொரு குறியும் தனித்து நின்றால் போலி செய்யக்கூடியது. எல்லாக் குறிகளும் ஒன்றோடொன்று முரணாமற் பேசுமாறு செய்வதே கடினம்.

இலக்கங்களின் ஒற்றுமை எல்லா இராணுவத் துப்பாக்கிகளுக்கும் பொதுவான சோதனை. உடல், குழல், தாழின் பிடி, பின்பார்வைத் தகடு, முன்மரம், முனைமூடி ஆகிய உறுப்புகளில் ஒரே தொடரிலக்கம் பொறிப்பது வழக்கம். அவை ஒத்திருந்தால் துப்பாக்கி பெரிதும் குலையாமல் வந்திருக்கிறதென்று கருதலாம். அடுத்துப் பொறிப்பின் தன்மையைக் காண வேண்டும். எஃகு அச்சை வைத்துச் சம்மட்டியால் அடித்த எழுத்தின் விளிம்பு சற்றுப் புடைத்தும், அடிப்பள்ளம் பழைய உலோகத்தின் நிறத்திலேயே கறுத்தும் இருக்கும். புதிதாக வெட்டிய எழுத்தின் அடியில் உலோகம் பளபளக்கும். பொறியால் தீட்டிய எழுத்து எங்கும் ஒரே ஆழத்திலும் ஒரே கூர்மையிலும் அமையும். துருவும் பேசும். காலத்தால் ஏறிய துரு கரும்பழுப்பாய், கைபட்ட இடத்திற் குறைந்தும் கைபடாத இடுக்கில் மிகுந்தும் காணப்படும். உப்பையும் காடியையும் தடவி ஏற்றிய துரு செம்மஞ்சளாய் எல்லா இடத்திலும் ஒரே சீராய்ப் படிந்திருக்கும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தால், அதன் விளிம்புகள் மழுங்கி, பொறிப்புகள் மங்கி, உலோகத்தை ஒட்டிய இடத்தில் மரம் தாழ்ந்து நிற்கும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், பொருத்தமற்ற கருவியால் யாரோ பலமுறை கழற்றியிருக்கிறார் என்பது பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முரண்பட்ட இலக்கத்தைக் கண்டவுடனே போலியென்று தீர்ப்புக் கூறிவிடுதல் அறிவுடைமையாகாது. இராணுவப் பட்டறைகள் பழுதுபட்ட துப்பாக்கிகளைப் பிரித்து, நல்ல உறுப்புகளைச் சேர்த்து, மறுபடியும் படைக்கு அனுப்பின. அப்போது பழைய இலக்கத்தைக் கோடிட்டு அடித்துப் புதிய இலக்கத்தைப் பொறிப்பதுண்டு. ஈஷாப்பூரிலும் லித்கோவிலும் இவ்வாறு மறுபிறவி எடுத்தவை பல. சுடுவதற்கு ஆகாதென்று கழித்து, மாணவர் பயிற்சிக்கு மட்டும் விட்டவற்றில் ‘டி. பி.’ என்ற குறி பொறித்தனர். அரசுடைமையிலிருந்து விற்கப்பட்டதற்கு அடையாளமாக, ஒன்றையொன்று நோக்கிய இரண்டு அம்புக்குறிகளை இட்டனர். இவையெல்லாம் துப்பாக்கியின் வாழ்க்கைக் குறிப்புகள். தழும்பு இருப்பது குற்றமன்று. தழும்பை மறைத்து இளமை காட்டுவதே குற்றம்.

இனி மூன்றாம் வகையைக் காண்போம். இங்கே துப்பாக்கியில் யாதொரு பொய்யுமில்லை. 1917இல் செய்யப்பட்டது, 1917இல் செய்யப்பட்டதென்றே சொல்கிறது. பொய் சொல்வது அதனருகே தொங்கும் அட்டையே. மூன்றாம் வடிவ லீ-என்பீல்டின் தோளணையில் பித்தளை வட்டத் தகடொன்றைத் திருகாணியாற் பொருத்துவர். எந்தப் படைக்கு வழங்கப்பட்டது, அங்கே அதன் எண் யாது என்பவற்றை அதிற் பொறிப்பர். வரலாற்றாசிரியருக்கு இதைவிட இனிய சான்று வேறில்லை. ஆனால் திருகாணி ஒன்றைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். வெறுந்தகட்டில் நான்கு எழுத்துகளை அடித்தால், எங்கோ வாங்கிய துப்பாக்கி இலங்கைத் தோட்டக்காரர் படையின் துப்பாக்கியாகிவிடும். எளிதில் மாற்றக்கூடிய உறுப்பில் உள்ள சான்று, மாற்ற முடியாத உறுப்பில் உள்ள சான்றோடு ஒத்துவந்தாலன்றி ஏற்கத்தக்கதன்று.

கதையைச் சோதிப்பதற்கும் வழியுண்டு. போர்க்காலத்தில் வேலையை விரைவுபடுத்த, மூன்றாம் வடிவத்திலிருந்து சில உறுப்புகள் நீக்கப்பட்டன. நெடுந்தொலைவுப் பார்வைத் தகடும், குண்டுப்பெட்டியை மூடும் தடுப்பும் அவற்றுள் அடங்கும். இம்மாற்றம் 1916 ஜனவரியில் அங்கீகாரம் பெற்றது. மாறிய வடிவத்தின் பெயரை அடுத்து ஒரு நட்சத்திரக் குறி இடப்பட்டது. கலிப்போலியிலிருந்து கடைசிப் படை வெளியேறியதும் அதே 1916 ஜனவரியில்தான். எனவே 1917ஆம் ஆண்டும் நட்சத்திரமும் பொறித்த துப்பாக்கியைக் காட்டி, “கலிப்போலியில் துரையின் தோளிற் கிடந்தது” என்றால், அது நடந்திருக்க முடியாதது. தகடு எவ்வளவு பளபளத்தாலும் காலம் பொய் சொல்லாது.

மெய்யான வரலாறு எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது என்பதற்கும் மலைநாட்டிலிருந்தே சான்று உண்டு. கண்டி அரசின் காலத்துச் சிங்களத் துப்பாக்கிகள் உலகின் பெரிய காட்சிச்சாலைகள் சிலவற்றில் இருக்கின்றன. பிறநாட்டுத் துப்பாக்கிகளில் தீப்பொறி எழுப்பும் விசை பெரும்பாலும் வலப்புறத்தில் அமைய, சிங்களத் துப்பாக்கிகளில் அது இடப்புறத்தில் அமைந்திருப்பது அறிஞர் கண்ட தனி இயல்பு. பிற்காலத்தில் ஊர்க்கொல்லர் செய்த துவக்கொன்றைக் கண்டி மன்னர் காலத்ததென்று காட்டுவோர் இந்நுட்பத்தை அறியாமற் போகலாம்.

1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி மீது படையெடுத்து அரண்மனையைக் கொள்ளையிட்டனர். அப்போது எடுத்துச் செல்லப்பட்ட அழகிய பீரங்கியொன்று, பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதித்தது, நெடுங்காலம் அம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் காட்சிச்சாலையில் இருந்தது. லெவ்கே திசாவையின் பெயரால் அது வழங்கப்படுகிறது. அது கண்டியிலிருந்து எவ்வாறு வந்தது என்பதை நெதர்லாந்து அறிஞரும் இலங்கை அறிஞரும் கூடி ஆராய்ந்தனர். பீரங்கியின் பொறிப்பையும், அலங்காரத்தையும், பழைய கையேடுகளையும், கொம்பனியின் எழுத்துகளையும் ஒப்புநோக்கினர். ஆராய்ச்சியின் பயனாக, 2023ஆம் ஆண்டில் அப்பீரங்கியும், இரண்டு வாள்களும், ஒரு கத்தியும், இரண்டு பெருந்துவக்குகளும், ஆக ஆறு பொருள்கள் இலங்கைக்குத் திரும்பின. கொழும்பு தேசிய நூதனசாலை அவற்றை ஏற்றுக்கொண்டது. பொருள் மட்டும் இருந்து அதன் வரலாறு நிலைநாட்டப்படாதிருந்தால், அவை திரும்பிவந்திரா. பழம்பொருளின் வரலாறு சோம்பலான பொழுதுபோக்கன்று. உரிமையை மீட்டுத்தரும் சாட்சி என்பதற்கு இதனினும் வேறென்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

சட்டத்தின் பாதுகாப்பு எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவினதன்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே, அதாவது கண்டி அரசு பிரித்தானியர் கைக்கு மாறிய நாளுக்கு முற்பட்டவற்றையே, பெரும்பாலும் தொல்பொருளெனக் கொள்கிறது. தோட்டங்களின் வரலாறு முழுவதும் அந்நாளுக்குப் பிற்பட்டது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பெரட்டுக் கொம்பு, துண்டுச் சீட்டு, துரையின் துப்பாக்கி ஆகிய யாவும் அந்த வரம்புக்கு இப்பால் நிற்கின்றன. ஆகவே இவற்றின் மெய்ம்மையைக் காக்கும் பொறுப்பு மக்களிடமும் மக்கள் அமைக்கும் காட்சிச்சாலைகளிடமுமே மிகுதியாகத் தங்கியுள்ளது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயமொன்றில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அத்தகைய முயற்சிக்கு ஒரு நல்ல சான்று.

இங்கே துப்பாக்கியைப் பற்றிய மெய்ம்மைக்குத் தனிப் பாரமுண்டு. பங்களாவிலிருந்து நோக்கியவருக்கு அது வீரத்தின் சின்னம். லயத்திலிருந்து நோக்கியவருக்கு அவ்வாறன்று. 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வுக்காகவும் சங்கம் அமைக்கும் உரிமைக்காகவும் நடந்த போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த மக்களோடு நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தருகே பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். இவ்விருவர் பெயரும் மலையக மக்களின் நெஞ்சில் நிலைத்தவை. நாளை யாரேனும் ஒரு பழைய துப்பாக்கியைக் கொணர்ந்து, “முல்லோயாவிற் சுட்டது இதுவே” என்று கூறினால், உணர்ச்சி அதை உடனே ஏற்றுக்கொள்ளத் தூண்டும். ஆனால் அது பொய்யென்று பின்னர் வெளிப்படுமாயின் நேரும் தீங்கு பெரிது. பொய்யான பொருளைக் காட்டியவர் சொன்ன மெய்யான துயரத்தையும் உலகம் ஐயுறத் தொடங்கிவிடும். கலிப்போலியில் மாண்ட துரைமாருக்கும் இதே நியாயம் பொருந்தும். போலித் தகடு அவர்களுடைய மெய்யான வரலாற்றுக்கும் இழுக்கே.

ஆகவே பழம்பொருளைப் பேணுவோர் கடைப்பிடிக்க வேண்டிய முறை எளியது. சட்டப்படி அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். சுட இயலாதவாறு தகுதியானவரைக் கொண்டு செயலிழக்கச் செய்து, அதற்கான பத்திரத்தைப் பெறுதல் வேண்டும். பொருளைத் தேய்த்துப் பளபளக்கச் செய்யலாகாது. தேய்த்தால் சான்று போய்விடும். எல்லாப் பொறிப்புகளையும் உள்ளபடியே படம்பிடித்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். யாரிடமிருந்து, எந்நாளில், என்ன சொல்லித் தந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். எழுதும்போது பொருள் சொல்வதையும் மனிதர் சொல்வதையும் வெவ்வேறு பத்தியில் எழுதுதல் சிறப்பு. ‘1917, என்பீல்ட்’ என்பது பொருள் சொல்வது. ‘பெரிய துரையின் தகப்பனார் கலிப்போலிக்குக் கொண்டு போனார்’ என்பது மனிதர் சொல்வது. இரண்டும் முரண்படும் இடத்தில் முரணையும் மறையாது எழுத வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட தவறான கதைக்கும் ஒரு பயனுண்டு. அக்கதையை மக்கள் ஏன் விரும்பினர் என்பதை அது பின்வருவோருக்கு உணர்த்தும்.

காட்சிச்சாலையின் அட்டையில் ‘இது உறுதிப்படவில்லை’ என்று எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைத் துணிந்து எழுதிய இடத்தில், மற்ற அட்டைகளில் எழுதியிருப்பதை நம்பலாம். மலையக மக்களின் வரலாறு பெரும்பகுதி எழுத்தில் ஏறாதது. பாட்டிலும் நினைவிலும் பொருளிலும் தங்கியிருப்பது. அப்பொருள்களில் ஒன்றேனும் பொய்யாகாமற் காப்பது, பெரட்டுக் களத்தில் நின்று பெயர் பதியப்படாமற் போன எத்தனையோ பேருக்குச் செய்யும் கடமையாகும்.